தோழியே தலைவியாகும் கதை: ஜான் அலிசனின் 'ஜயன்ட் டேய்ஸ்' சித்திரக்கதைத் தொடரில் நட்பும் காதலும்

தமிழ் அறநூல் மரபு நட்பைப் பொருட்பாலில் வைத்தது. திருக்குறளில் நட்பு முதலாகக் கூடா நட்பு ஈறாக ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைகின்றன. அவை பெரிதும் அரசையும் பொதுவாழ்வையும் சார்ந்த நட்பைப் பேசுவன. அங்குச் சுட்டப்பெறும் நண்பர் ஆடவர் என்பது சொல்லாமலே கொள்ளப்படுகிறது. அகத்திணை மரபோ தலைவிக்கு ஒரு தோழியைத் தந்தது. சங்க அகப்பாடல்களில் தோழி கூற்றாக அமைந்தவை மிகுதி. ஆயினும் அக்கூற்றுகள் தலைவியின் காதலைச் சுற்றியே அமைகின்றன. தோழிக்கென ஒரு காதல் இல்லை. அவளுக்கென ஒரு துயரும் இல்லை. காப்பியங்களில் நிலை சற்று மாறுகிறது. கண்ணகியின் தோழி தேவந்திக்குத் தனிக்கதை உண்டு. மணிமேகலையின் தோழி சுதமதி தன் கடந்தகாலத்தைத் தானே சொல்கிறாள். இவற்றை விடுத்து நோக்கின், பெண்கள் தமக்குள் கொள்ளும் நட்பு, காதலுக்குத் துணையாக அன்றித் தன்னளவிலேயே பொருளாகும் நிலை, பொருட்பாலுக்கும் அகத்திணைக்கும் இடையே எங்கோ விடுபட்டுப் போயிற்று எனலாம்.

இவ்விடைவெளியை மனத்திற்கொண்டு அணுகும்போது, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் அலிசனின் 'ஜயன்ட் டேய்ஸ்' என்னும் சித்திரக்கதைத் தொடர் தமிழ் ஆய்வாளர் கவனத்திற்கு உரியதாகிறது. அதன் நாயகியருள் ஒருத்தி எஸ்தர் டி குரூட். கரிய கூந்தலும் வெளிறிய முகமும் கறுப்பு உடையுமாக வலம்வரும் 'கோத்' பெண் அவள். 2002 முதல் 2009 வரை இணையத்தில் வெளிவந்த 'ஸ்கேரி கோ ரவுண்ட்' என்னும் முந்தைய தொடரில் பள்ளி மாணவியாகத் தோன்றியவள், 'ஜயன்ட் டேய்ஸ்' தொடரில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திற்குச் செல்கிறாள். 2011 தொடங்கி அலிசன் தாமே எழுதி வரைந்து சில இதழ்களை வெளியிட்டார். பின்னர் 2015இல் அமெரிக்காவின் பூம் நிறுவனம் இத்தொடரைப் புதிதாகத் தொடங்கியது. ஆறு இதழ்களோடு முடியும் எனத் திட்டமிடப்பட்ட அது 54 இதழ்கள் வரை வளர்ந்து 2019இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஐஸ்னர் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த நகைச்சுவை வெளியீடு ஆகிய இரண்டையும் பெற்றது.

சித்திரக்கதையைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதில் தமிழ்த்துறைகளுக்கு இன்னும் தயக்கம் உண்டு. அத்தயக்கம் நீங்குவதற்காக மட்டும் ஓர் அயல்நாட்டுப் படைப்பின்மேல் தொல்காப்பியக் கலைச்சொற்களை ஏற்றிக் காட்டுவதால் பயன் விளையாது. தலைவன், தலைவி, தோழி எனப் பெயர் சூட்டி எல்லாம் பொருந்துகின்றன என்று முடிக்கும் கட்டுரைகள் நம்மிடம் ஏற்கெனவே மிகுதி. பொருந்தாத இடங்களே ஒப்பீட்டில் பேசத்தக்கவை.

கறுப்பு உடையின் பின்புலம்

'கோத்' என்பது 1970களின் இறுதியில் பிரிட்டனில் பங்க் இசையின் பின்விளைவாகத் தோன்றிய இளையோர் பண்பாடு. பௌஹௌஸ் இசைக்குழு 1979இல் வெளியிட்ட பாடல் ஒன்றை அதன் தொடக்கப் புள்ளியாகப் பலர் கொள்வர். 1982இல் இலண்டன் சோகோ பகுதியில் திறக்கப்பட்ட 'பேட்கேவ்' கேளிக்கைக் கூடம் இப்பண்பாட்டிற்கு ஒரு கூடுமிடத்தைத் தந்தது. எனினும் இது இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' இசைக்குழு யார்க்ஷயரின் லீட்ஸ் நகரில் உருவானது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) புதினத்தில் இடம்பெறும் விட்பி என்னும் யார்க்ஷயர்க் கடற்கரை ஊரில் 1994 முதல் கோத் விழா கூடலாயிற்று. எஸ்தரின் கற்பனை ஊரான டாக்கிள்ஃபோர்டும் அவள் கற்கச் சென்ற ஷெஃபீல்டும் யார்க்ஷயரைச் சேர்ந்தவையே. ஆகவே அவள் உடுத்தும் கறுப்பைத் தலைநகரிலிருந்து இரவல் பெற்ற நாகரிகமாகக் கொள்ள வேண்டியதில்லை. அது அவள் வட்டாரத்தில் வேர்கொண்டது.

இத்தகைய குழுக்களைப் பற்றிய ஆய்வுகள் தொடக்கத்தில் பெண்களைக் காணவில்லை. ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இல் வெளிவந்த தம் கட்டுரையில் இக்குறையைச் சுட்டினர். ஆண்கள் தெருவில் நடத்திய பண்பாட்டை ஆய்வாளர் பதிவு செய்தபோது, பெண்கள் தம் படுக்கையறைகளில் தோழியரோடு கூடி உருவாக்கிய பண்பாடு பார்வைக்குத் தப்பியது என்பது அவர்கள் வாதம். டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய புகழ்பெற்ற நூலும் உடையின் பொருளையே முதன்மையாக ஆராய்ந்தது. பால் ஹாட்கின்சன் கோத் குழுவினரைப் பற்றி 2002இல் வெளியிட்ட நூல் வேறு திசையில் செல்கிறது. தாமும் அக்குழுவில் பங்குகொண்டவர் என்பதால், அதன் உள்ளியக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. தனிமையும் சோகமும் கோத்தின் அடையாளம் என்னும் பொதுக்கருத்துக்கு மாறாக, நண்பர் வட்டங்களும் ஊர்விட்டு ஊர் சென்று கூடும் வழக்கமுமே அதைத் தாங்கி நிற்கின்றன என்பது அவர் நூலிலிருந்து பெறப்படுவது. கறுப்பு உடை தனித்து நிற்க விரும்புவோரின் அடையாளம் போலத் தோன்றினும், அதன் நடைமுறைப் பயன் தன்னை ஒத்தவரைக் கண்டுகொள்வதே.

எஸ்தர் இதற்கு ஏற்ற சான்று. அவள் துயர முகம் காட்டி மூலையில் ஒதுங்குபவள் அல்லள். கூட்டத்தை விரும்புகிறாள், சண்டையையும் காதலையும் காந்தம்போல் ஈர்க்கிறாள். அவள் நுழைந்த அறையில் ஏதேனும் ஒன்று நிகழ்ந்தே தீரும்.

டாக்கிள்ஃபோர்டுப் பள்ளிக்காலம்

'ஸ்கேரி கோ ரவுண்ட்' நிகழும் டாக்கிள்ஃபோர்டு விந்தைகள் மலிந்த ஊர். இறந்தோர் எழுந்து வருவர். மீன்மனிதன் தெருவில் நடப்பான். பேய்களும் இயந்திர மனிதர்களும் ஊர்மக்களுக்கு வியப்பளிப்பதில்லை. இத்தகைய ஊரில் கோத் பெண் ஒருத்தியைப் படைத்ததில்தான் அலிசனின் நகைச்சுவை நுட்பம் உள்ளது. பிற கதைகளில் கறுப்பு உடை அணிந்தவளே அச்சத்தின் தூதுவள். இங்கோ அச்சமூட்டுவன யாவும் அவளுக்கு வெளியே, ஊரெங்கும் உலவுகின்றன. அவற்றின் நடுவே எஸ்தர் வீட்டுப்பாடம், தோழி, காதலன் என்னும் இயல்பான கவலைகளோடு வாழ்கிறாள். ஊரில் மிகவும் சாதாரணமானவள் அவளே என்றுகூடச் சொல்லலாம்.

அவளுடைய பள்ளித்தோழி சாரா குரோட். பள்ளிக் காதலன் யூஸ்டஸ் பாய்ஸ். ஆனால் அவனை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'பையன்' என்பதே அவனுக்கு வழங்கும் பெயர். தமிழ் மாணவர் எவருக்கும் இவ்விடத்தில் அகத்திணைத் தலைவன் நினைவுக்கு வருவான். அகப்பாடலில் ஒருவர் பெயர் சுட்டப்படாமைக்குக் காரணம், அக்காதல் எல்லார்க்கும் பொதுவாக வேண்டும் என்பது. இங்குப் பெயர் மறைக்கப்படுவது ஒருவகை எள்ளல். காதலன் எனப்படுபவன் கதையின் பொறுப்பைச் சுமக்க வேண்டியவன் அல்லன். அவன் ஒரு பையன், அவ்வளவே. தோழியர் முழுப்பெயரும் குணமும் பெற்றிருக்கக் காதலன் பொதுப்பெயரோடு நிற்பது, அலிசனின் கதையுலகில் எது மையம் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே காட்டிவிடுகிறது. எனினும் எஸ்தரும் அவனும் பழகிய பக்கங்களில் உள்ள கனிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. தாம் காதலிப்பது எவ்வாறு என்பதைத் தாமே அறியாத இருவரின் தடுமாற்றம் அங்கு மிக இயல்பாகப் பதிவாகியுள்ளது.

பல்கலைக்கழகத்திற்குச் சென்றதும் பேய்களும் மீன்மனிதர்களும் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றனர். எஸ்தரும் அவள் கறுப்பும் எஞ்சுகின்றனர். இந்நீக்கமே 'ஜயன்ட் டேய்ஸ்' தொடரை முந்தைய படைப்பினும் வலியதாக ஆக்குகிறது. விந்தை நிகழ்ச்சிகள் இருந்தவரை, சிக்கல் முற்றிய இடத்தில் ஒரு பூதத்தை வரவழைத்துக் கதையைத் திருப்ப ஆசிரியரால் முடிந்தது. ஷெஃபீல்டில் அவ்வழி அடைபட்டுவிட்டது. காய்ச்சல், ஈரச்சுவரில் படர்ந்த பூஞ்சை, தேர்வு, மனமுறிவு ஆகியவற்றை மனிதரே எதிர்கொண்டாக வேண்டும்.

அடுத்தடுத்த அறைகள்

தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் களவியலில் தரும் விளக்கம். தலைவிக்கும் தோழிக்கும் உள்ள பிணைப்பு ஒரே மனையில் வளர்ந்ததால் வந்தது. ஒருவகையில் அது பிறப்பால் வாய்த்தது. 'ஜயன்ட் டேய்ஸ்' நட்புக்கு அத்தகைய அடிப்படை எதுவும் இல்லை. எஸ்தர், சூசன் டாலமி, டெய்சி வூட்டன் ஆகிய மூவருக்கும் விடுதியில் அடுத்தடுத்த அறைகள் கிடைத்தன. தொடர் தொடங்கும்போது அவர்கள் பழகி மூன்று வாரங்களே ஆகியுள்ளன. விடுதி அலுவலகம் வேறு எண்களை ஒதுக்கியிருப்பின் அவர்கள் ஒருவரையொருவர் அறியாமலே பட்டம் பெற்றுச் சென்றிருக்கக்கூடும். நவீன நட்பின் தற்செயல் தன்மையை இதனினும் எளிமையாக நிறுவ இயலாது.

மூவரும் இயல்பால் வேறுபட்டவர்கள். சூசன் மருத்துவம் பயில்பவள். எதையும் நம்பாதவள், கூர்மையான நாவினள். மாணவியரை இழிவுபடுத்தும் ஆண் மாணவர் போக்கை எதிர்த்து முதலில் கிளர்ந்தெழுபவள் அவளே. டெய்சி பள்ளிக்கே செல்லாமல் பாட்டியின் வளர்ப்பில் வீட்டிலிருந்தே கற்றவள், தொல்லியல் மாணவி, உலகை வியந்து நோக்குபவள். எஸ்தர் ஆங்கில இலக்கியம் பயில்கிறாள். பயில்வதினும் மிகுதியாக வாழ்க்கையையே ஓர் இலக்கியமாக நடத்த முயல்கிறாள். இவர்களுள் ஒருவரும் மற்றவரின் குழுவைச் சேர்ந்தவரல்லர் என்பது கருதத்தக்கது. கறுப்பு உடை தன்னை ஒத்தவரைக் கண்டறியும் கருவி என்று மேலே கூறப்பட்டது. எஸ்தரின் மிக நெருங்கிய நட்போ கோத் அல்லாத இருவரோடு அமைகிறது. பள்ளியில் வேறுபாட்டை அறிவிக்கும் கொடியாக இருந்த உடை, பல்கலைக்கழகத்தில் ஒருத்தியின் பழக்கம் என்னும் அளவுக்குச் சுருங்குகிறது. அவள் அதைக் களைவதில்லை. எவரும் அதைக் களையச் சொல்வதும் இல்லை. அது கேள்வியாக இருந்த காலம் கடந்துவிடுகிறது.

அகத்திணைத் தோழியின் தலையாய செயல் அறத்தொடு நிற்றல். தலைவியின் களவை உரிய முறையில் பெரியோர்க்கு வெளிப்படுத்திக் கற்பாக மாற்றுதல். ஷெஃபீல்டில் அறத்தொடு நிற்பதற்கு எதிரே எவரும் இல்லை. பெற்றோர் தொலைவில் உள்ளனர். மறைக்க வேண்டிய களவும் இல்லை; அடைய வேண்டிய கற்பும் இல்லை. அவ்வாறாயின் தோழியின் பணி யாது? அலிசன் இக்கேள்விக்குத் தரும் விடையே தொடரின் உள்ளீடு.

குறள் நண்பருக்கு இட்ட கடமைகளுள் ஒன்று, நெறி தவறும்போது இடித்துரைப்பது. இத்தொடரில் இடித்துரைத்தல் ஓயாது நிகழ்கிறது. ஆனால் பெரும்பாலும் பயனளிப்பதில்லை. சூசனுக்கும் மெக்ராவுக்கும் இடையே நார்தாம்டன் ஊர்க்காலத்துப் பழைய கசப்பு உண்டு. அவன் ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் கொதிக்கிறாள். அக்கசப்பு காதலாக மாறுவதையும், அவனுக்கு வேறொரு காதலி இருந்த நிலையில் அது மறைவில் தொடர்வதையும் தோழியரால் தடுக்க முடிவதில்லை. தன் மனம் பெண்கள்பால் செல்வதை உணரும் டெய்சி, இங்க்ரிட் என்னும் ஜெர்மானிய மாணவியோடு காதல் கொள்கிறாள். இங்க்ரிட்டின் அடங்காத போக்கு மூவரும் பகிர்ந்து வாழும் வீட்டின் அமைதியைக் குலைக்கிறது. அப்போதும் தோழியரின் சொல் டெய்சியின் செவியில் ஏறுவதில்லை. அறிவுரை தோற்கும் இவ்விடங்களில்தான் நட்பின் இலக்கணத்தை ஆசிரியர் மாற்றி எழுதுகிறார். சொல் கேட்காதவள் முறிந்து திரும்பும் நாளில் கதவு திறந்திருத்தல் என்பதே இங்குத் தோழியின் கடமை. அன்று எவரும் முன்னமே சொன்னோமே என்று குத்திக்காட்டுவதில்லை. குத்திக்காட்டினும் அது நகைப்பாகவே கடந்துபோகிறது.

படிப்பைக் கைவிட்டுவிடலாமா என எஸ்தர் எண்ணும் பகுதியும் இவ்வாறே. எழுதாத கட்டுரைகளும் நெருங்கும் தேர்வும் அவளை அழுத்துகின்றன. காதலர் பலர் வந்துபோன வாழ்வில், அவளைப் பல்கலைக்கழகத்தோடு பிணைத்து நிறுத்தும் வலிமை காதலுக்கு இல்லை, தோழியருக்கே உள்ளது. காதல் நிகழ்ச்சிகள் நட்புக்குப் பேச்சுப்பொருள் தருவனவாகக் கீழிறங்குகின்றன. அகப்பாடலில் காதலுக்காகத் தோழி இருந்தாள். இங்கே தோழியர் கூடிப் பேசுவதற்காகக் காதல் இருக்கிறது. தோழி கூற்றே நிலைத்து, தலைவன் கூற்று அவ்வப்போது ஊடாடும் ஒரு நெடும்பாட்டு எனத் தொடரைக் கருதலாம்.

இதனைச் சொற்களைவிட ஓவியமே நன்கு உணர்த்துகிறது. முதல் ஆறு இதழ்களை அமெரிக்கரான லிசா டிரைமனும், ஏழாவது முதல் பின்லாந்தைச் சேர்ந்த மேக்ஸ் சாரினும் வரைந்தனர். யார்க்ஷயர் மாணவியர் வாழ்வை ஓர் ஆங்கிலேயர் எழுத, வேற்று நாட்டார் வரைய, கலிஃபோர்னியாவில் பதிப்பிக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. சாரினின் கோடுகள் முகங்களை இழுத்தும் நீட்டியும் உணர்ச்சியை மிகைப்படுத்துபவை. மெய்ப்பாட்டியல் பயின்றார்க்கு அவருடைய பக்கங்கள் தனி விருந்து. நகை, அழுகை, மருட்கை, வெகுளி ஆகியவை ஒரே பக்கத்தில் ஒரே முகத்தில் மாறிமாறித் தோன்றும். விட்னி கோகரின் ஒளிமிகுந்த வண்ணங்களுக்கு நடுவே எஸ்தரின் கரிய கூந்தல் கண்ணை நிறுத்தும் புள்ளியாகிறது. கறுப்பு இங்குத் துயரத்தின் நிறமாக அன்றிப் பக்கத்தின் நங்கூரமாகச் செயற்படுகிறது.

ஒருதலைக் காமம்

எஸ்தரைச் சூழ்ந்த ஆடவருள் தனித்து நோக்கத்தக்கவன் எட் ஜெம்மல். அவளோடு பழகிய நாள் முதல் அவள்மேல் காதல் கொண்டவன். அக்காதல் வெளிப்பட்டபோதும் ஏற்கப்படாதவன். தமிழ் மரபு இதனைக் கைக்கிளை என்னும். ஆனால் தொல்காப்பியம் விளக்கும் கைக்கிளைத் தலைவன், மறுமொழி பெறாத நிலையிலும் தானே சொல்லிச் சொல்லி இன்புறுபவன். எட்டின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அவன் சொல்லாமல் இருக்கிறான்; அருகில் இருந்து உதவுகிறான்; தோழனாகவே நடந்துகொள்கிறான். சொல்ல நேர்ந்தபோது அச்சொல்லே அவனுக்கு நாணமாகிறது. தன் ஒருதலை அன்பை உரிமையாக மாற்றி அவளைக் குற்றம் சாட்டும் வழியில் அவன் செல்வதில்லை; நாளடைவில் நினா என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணின் அன்பைப் பெறுகிறான். திரைப்படங்களில் ஒருதலைக் காதலன் விடாது துரத்தி இறுதியில் வெல்வதையே கண்டு பழகிய வாசகர்க்கு, மறுப்பை மறுப்பாகவே ஏற்றுக்கொண்ட ஓர் இளைஞன் அரிய படைப்பு. எஸ்தரும் அவன் அன்பைக் கடனாகக் கருதித் திருப்பிச் செலுத்த முற்படவில்லை. அந்நேர்மை இருவர் நட்பையும் காக்கிறது.

பெண்ணின் கைக்கிளை நமக்குப் புதிதன்று. புறநானூற்றில் நக்கண்ணையார் போரவைக் கோப்பெருநற்கிள்ளியை எண்ணிப் பாடிய மூன்று பாடல்கள் (83-85) அத்திணையில் வைக்கப்பட்டுள்ளன. புறப்பொருள் வெண்பாமாலை பெண்பாற் கூற்றுக்கு இலக்கணமும் வகுத்தது. எனவே எஸ்தரின் பக்கத்திலிருந்தும் கைக்கிளை பேசப்பட்டிருக்கலாகாதா என்னும் வினா எழுகிறது. அவள் பலரை விரும்பி மீள்கிறாள்; அம்மீட்சிகள் விரைவாகவும் நகைச்சுவையாகவும் முடிகின்றன. விரும்பியும் அடைய இயலாத நிலையின் கனத்தை இத்தொடர் அவள்மீது நெடுநேரம் வைப்பதில்லை.

அக்கனத்தை அறிய வேண்டுமாயின் கனடாவில் 2008இல் வெளிவந்த 'ஸ்கிம்' என்னும் சித்திரக்கதையை உடன்வைத்து நோக்க வேண்டும். மரிகோ தமாகி எழுத, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி ஜில்லியன் தமாகி வரைந்தது. 1993ஆம் ஆண்டு டொரண்டோவில் ஒரு பெண்கள் பள்ளியே களம். நாயகி கிம்பர்லி கெய்கோ கேமரன் ஜப்பானியத் தாய்க்கும் வெள்ளையரான தந்தைக்கும் பிறந்தவள், கறுப்பு உடுத்துபவள், சூனியவழிபாட்டில் நாட்டம் உடையவள். மற்றொரு மாணவியின் முன்னாள் காதலன் தற்கொலை செய்துகொள்ள, பள்ளி முழுவதும் துயரத்தை ஒரு நிகழ்ச்சி நிரலாக நடத்துகிறது. அறிவுரையாளர் கறுப்பு உடுத்திய இவளையே ஐயத்தோடு நோக்குகிறார். இவளுடைய உண்மைத் துயரோ வேறு. ஆசிரியை ஒருவர்பால் இவள் கொண்ட காதல், சொற்களே இல்லாத ஓர் இரட்டைப்பக்க முத்தக் காட்சியில் உச்சமடைகிறது. பின் ஆசிரியை பள்ளியை விட்டு நீங்குகிறார். நெருங்கிய தோழி லிசாவின் நட்பு தேய, எவரும் எதிர்பாராத கேட்டி என்னும் மாணவியின் நட்பு வளர்கிறது. அந்நூல் கனடாவின் ஆளுநர் இலக்கிய விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது எழுதியவர் பெயர் மட்டும் இடம்பெற்றது, வரைந்தவர் விடுபட்டார். சக ஓவியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். சொல்லற்ற பக்கத்தில் உச்சம் கொண்ட ஒரு நூலுக்கு இவ்வாறு நேர்ந்தது, சித்திரக்கதையில் 'பனுவல்' எது என்பதை விருதுக்குழுக்களும் அறியவில்லை என்பதையே காட்டுகிறது.

இரண்டையும் ஒப்பிடின், 'ஸ்கிம்' நூலில் கறுப்பு பிறரால் தவறாகப் படிக்கப்படும் அடையாளம். 'ஜயன்ட் டேய்ஸ்' தொடரில் பிறர் கண்டும் காணாததுபோல் விட்டுவிடும் அடையாளம். முன்னது பள்ளியோடு நின்றுவிடுகிறது. பின்னது பள்ளியைக் கடந்த விடுதலையைக் கொண்டாடுகிறது. கலைநுட்பத்தில் 'ஸ்கிம்' செறிவு மிக்கது என்பதில் ஐயமில்லை. நட்பை நாள்தோறும் நிகழும் உழைப்பாக, 54 இதழ்களின் நீளத்தில் காட்டும் வாய்ப்பு தொடருக்கே கிட்டியது.

தொடர் பேசாதது

இவ்விடுதலை எந்த அளவுக்கு உண்மை என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. 'ஸ்கேரி கோ ரவுண்ட்' வெளிவந்துகொண்டிருந்த 2007 ஆகஸ்டில், யார்க்ஷயருக்கு அண்டையிலுள்ள லங்காஷயரின் பேக்கப் ஊரில், சோஃபி லான்காஸ்டர் என்னும் 20 வயதுப் பெண்ணும் அவர் காதலரும் பூங்கா ஒன்றில் இளைஞர் கும்பலால் தாக்கப்பட்டனர். கோத் தோற்றம் கொண்டிருந்ததே அவர்கள் செய்த 'குற்றம்'. சோஃபி சில நாட்களில் மருத்துவமனையில் உயிர்நீத்தார். கவிஞர் சைமன் ஆர்மிட்டேஜ் அவர் வாழ்வைக் குறித்து எழுதிய 'பிளாக் ரோசஸ்' 2011இல் பிபிசி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. 2013இல் பெருநகர மான்செஸ்டர் காவல்துறை, இத்தகைய மாற்றுப்பண்பாட்டினர் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்யத் தொடங்கியது.

நகைச்சுவைத் தொடர் ஒன்று இதனைப் பேசியே ஆக வேண்டும் என வற்புறுத்துவது முறையன்று. ஆயினும் 2015க்குப் பின் வடஇங்கிலாந்தின் தெருக்களில் கறுப்பு உடுத்தி நடக்கும் ஒருத்தியின் கதையில், அந்த உடையால் வரக்கூடிய அச்சம் கதையின் ஆழத்தைத் தொடாதது ஒரு குறையே. எஸ்தருக்கு நேரும் இன்னல்கள் யாவும் அவள் குணத்தால் வருவன; அவள் தோற்றத்தால் வருவன அல்ல. கோத் என்பது ஓர் ஓவிய அழகாக மட்டும் எஞ்சிவிட்டதோ என்னும் ஐயம் பிற்பகுதி இதழ்களில் வலுப்பெறுகிறது. அதே வேளையில் இவ்விடுபாட்டிற்கு வேறொரு வாசிப்பும் உண்டு. செய்தித்தாள்களில் கோத் பெண்ணுக்கு இரண்டே வேடங்கள் வாய்த்தன: தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் மனநோயாளி அல்லது பிறரால் அழிக்கப்படும் பலியாள். தேர்வில் அஞ்சி, காதலில் தடுமாறி, தோழியரோடு சண்டையிட்டுச் சமாதானமாகிப் பட்டம் பெற்று வெளியேறும் ஒருத்தியை மூன்றாண்டுக் கதையில் நிறுத்தியது அவ்விரு வேடங்களுக்கும் எதிரான செயல். இவ்வாசிப்பே வலிமை மிக்கதாகத் தோன்றுகிறது. எனினும் அது முன்னதன் குறையை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

பாலைத்திணையில் பிரிவு தலைவனுக்கும் தலைவிக்கும் உரியது. தோழிக்கும் தலைவிக்கும் இடையில் பிரிவு நேரும் இடம் உடன்போக்கு. தலைவி ஊர் நீங்கியபின் நற்றாயும் செவிலியும் புலம்பும் பாடல்கள் பெருகிக் கிடக்க, தோழியின் தனித்த புலம்பல் மிகச் சிறிய இடத்தையே பெறுகிறது. 'ஜயன்ட் டேய்ஸ்' தொடரில் பிரிவு என்றால் தோழியர் பிரிவே. சூசன் மெக்ராவோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கும்போது அது முதன்முறை நிழலாடுகிறது. மகிழ்ச்சியான செய்தி ஒன்றில் மற்ற இருவருக்கும் ஏற்படும் சிறு வெறுமை அங்கு நுட்பமாக உணர்த்தப்படுகிறது. பட்டமளிப்பு அதனை முழுமையாக்குகிறது. அறைகள் அடுத்தடுத்து இருந்ததால் பிறந்த நட்பு, அறைகளே இல்லாதபோது எஞ்சுமா என்பது தொடர் தன் முடிவில் எழுப்பும் கேள்வி. 2019இல் தனி இதழாக வெளிவந்த 'அஸ் டைம் கோஸ் பை' இதனையே எடுத்துக்கொள்கிறது. அதில் எஸ்தர் இலண்டனில் வேலை பார்க்கிறாள். பல்கலைக்கழகம் இல்லை, விடுதி இல்லை. ஊர்கள் வெவ்வேறாகிவிட்டன. சூசனும் டெய்சியும் அவளைத் தேடி இரயிலேறி வர வேண்டியிருக்கிறது; வருகிறார்கள்.